வீட்டுப் பூனையும் விலகாத அச்சமும்

 

மயிலாப்பூரில் நான் பாடம் நடத்தும் மத்ரஸாவுக்கு, அஸர் தொழுகைக்குப் பின் ஓத வரும் சிறுமியருள் ஒருத்தி, சென்ற ஆண்டில் ஒரு நாள், பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஓதாமலே அமர்ந்திருந்தாள். அழுதழுது கண்கள் சிவந்திருந்தன. அருகே அழைத்துக் காரணம் கேட்டேன். "எங்க பூனைக்கு எய்ட்ஸாம் ஹஜ்ரத். நாளைக்கு அத்தா கொண்டுபோய் விட்டுடப் போறாங்க" என்றாள்.

மாலையில் அவளை அழைத்துச் செல்ல வந்த தந்தையிடம் பேசினேன். அவர் தியாகராய நகர் பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுபவர், நிதானமான மனிதர். பூனையின் கழுத்தில் கடிபட்ட புண் சீழ்பிடித்து வீங்கியிருக்கிறது. ஒரு மருத்துவரிடம் தூக்கிச் சென்றிருக்கிறார். அங்கே ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, "இது பூனை எய்ட்ஸ். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வீட்டில் மனைவியோ பிள்ளையுண்டாகியிருக்கிறார். அக்கம்பக்கத்தார் வேறு ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட்டார்கள். "பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் இடத்தருகே விட்டுவிட்டால் எப்படியும் பசியாறிக்கொள்ளும் ஹஜ்ரத். வேறு என்ன செய்ய?" என்றார்.

நான் மருத்துவன் அல்லன். புதுக் கல்லூரியில் கலைப் பாடம் படித்துப் பட்டம் பெற்று, பின்னர் மத்ரஸாவுக்கு வந்தவன். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்வது அறிவைச் சுமப்பவனுக்கு அழகன்று. ஆகவே, "இரண்டு நாள் பொறுங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மறுநாள், கல்லூரித் தோழர் ஒருவரின் தமையனாரைத் தேடி அடையாறு காந்தி நகருக்குப் போனேன். அவர் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டறிந்ததையும், அதன்பின் தேடிப் படித்ததையும், பூனை வளர்க்கும் நம் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்நோய் எது என்று அறிவோம். வீட்டுப் பூனைகளைத் தாக்கும் ரெட்ரோ வைரஸ்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, பூனை லுக்கேமியா வைரஸ். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்லியம் ஜாரெட் என்னும் கால்நடை மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் 1964ஆம் ஆண்டு இதனைக் கண்டறிந்தனர். ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புற்றுநோய்க்கு ஆளானதே அவர்களுடைய ஐயத்தைக் கிளப்பியது. மற்றொன்று, பூனையின் நோய் எதிர்ப்பாற்றலைக் குன்றச் செய்யும் எஃப்.ஐ.வி. என்னும் வைரஸ். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், பெட்டலுமா என்னும் ஊரில், பல பூனைகள் சேர்த்து வளர்க்கப்பட்ட ஓரிடத்தில் 1986ஆம் ஆண்டு இது தெரியவந்தது. நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ ஆகியோர் இதனைப் பிரித்தெடுத்து, 1987இல் உலகுக்கு அறிவித்தனர். இது மனிதரின் எய்ட்ஸ் கிருமிக்கு உறவுடையது என்பதால்தான் 'பூனை எய்ட்ஸ்' என்னும் பெயர் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

ரெட்ரோ வைரஸ் என்றால் என்ன? நம் மத்ரஸாவில் பழகிய உவமையால் சொல்கிறேன். மூல ஏட்டிலிருந்து படி எடுப்பதே உயிரணுவின் வழக்கம். இவ்வைரஸோ தன்னிடமுள்ள படியிலிருந்து ஓர் ஏடு எழுதி, அதனை உயிரணுவின் மூல நூலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிவிடுகிறது. அதன்பின் அந்நூலை எத்தனை முறை படி எடுத்தாலும் அந்தக் கள்ள ஏடும் சேர்ந்தே வரும். இவ்வாறு தலைகீழாக எழுதும் ஆற்றலை 1970இல் ஹோவர்ட் டெமின், டேவிட் பால்டிமோர் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்து, 1975இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஒருமுறை நிலைத்துவிட்ட தொற்று எளிதில் நீங்காமைக்கும் இதுவே காரணம்.

இவை மனிதருக்குத் தொற்றுமா? தொற்றா. இதனை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லலாம். லுக்கேமியா வைரஸ் கண்டறியப்பட்டு அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன, எஃப்.ஐ.வி. கண்டறியப்பட்டும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் பூனைகள் மனிதர் மடியில் உறங்குகின்றன, நக்குகின்றன, பிறாண்டுகின்றன, சில வேளை கடிக்கவும் செய்கின்றன. ஆயினும் இவ்வைரஸ்களால் மனிதர் ஒருவர் நோயுற்றதாகப் பதிவு இல்லை. எஃப்.ஐ.வி. பூனைக்கு; எச்.ஐ.வி. மனிதனுக்கு. உறவுமுறை இருக்கலாம், ஒன்றின் வீட்டில் மற்றொன்று குடியேறாது.

அப்படியானால் இந்நோய் பூனைகளிடையே எவ்வளவு பரவலானது? வீண் ஆராய்ச்சி என்று இக்கேள்வியை ஒதுக்கிவிடாதீர்கள். இதன் விடையில்தான் அச்சிறுமியின் பூனைக்குரிய நியாயம் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 2004ஆம் ஆண்டு 18,038 பூனைகளைச் சோதித்தார்கள். லுக்கேமியா வைரஸ் இருப்பதாகக் காட்டியவை 2.3 விழுக்காடு, எஃப்.ஐ.வி. இருப்பதாகக் காட்டியவை 2.5 விழுக்காடு. 2010ஆம் ஆண்டு அதே இரு நாடுகளில் 62,301 பூனைகளைச் சோதித்தபோது, முன்னது 3.1 விழுக்காடாகவும் பின்னது 3.6 விழுக்காடாகவும் இருந்தன. நூறு பூனைகளில் மூன்று நான்கு என்பது பெரிய எண்ணிக்கை அன்று.

ஆனால் ஜப்பானுக்கு வாருங்கள். 1989இல் வெளியான ஓர் ஆய்வில், அந்நாட்டின் 3,323 பூனைகளில் 28.9 விழுக்காட்டிடம் எஃப்.ஐ.வி. தொற்று தென்பட்டது. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், ஆரோக்கியமாகத் தோன்றியவற்றில் 12.4 விழுக்காடு, நோய்க்குறி உடையவற்றில் 43.9 விழுக்காடு. வட அமெரிக்காவிலேயே கூட, கடிபட்ட புண்ணுடன் மருத்துவரிடம் வந்த 967 பூனைகளை மட்டும் தனியே சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பூனைக்கு இரண்டு வைரஸ்களில் ஏதேனும் ஒன்று இருந்தது.

ஒரே நோய், ஓரிடத்தில் நூற்றுக்கு மூன்று, வேறோரிடத்தில் நூற்றுக்கு நாற்பது. ஏன் இந்த வேறுபாடு? பூனையின் இனத்தாலோ நிறத்தாலோ அன்று. அது வாழும் வாழ்க்கையால்தான்.

எஃப்.ஐ.வி. பெரும்பாலும் ஆழமான கடியின் வழியாகப் பரவுவது. கடிப்பது யார்? எல்லைக்காகவும் துணைக்காகவும் இரவெல்லாம் சண்டையிடும், விதைநீக்கம் செய்யப்படாத ஆண் பூனைகள். எனவேதான் ஆண் பூனைகள், வளர்ந்த பூனைகள், வெளியே அலையும் பூனைகள் ஆகியவற்றிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. லுக்கேமியா வைரஸின் வழி வேறு. அது உமிழ்நீரில் மிகுந்திருப்பது. ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும் பூனைகள், ஒரே கிண்ணத்தில் உண்டு பருகும் பூனைகள், தாயும் குட்டியும் - இவற்றிடையே அது பரவுகிறது. முன்னது பகையின் வழியே போகிறதென்றால், பின்னது பாசத்தின் வழியே போகிறது. குட்டிகளே இதற்கு எளிதில் இரையாகின்றன. வளர வளர எதிர்க்கும் ஆற்றல் கூடுகிறது. உடலை விட்டு வெளியேறினால் இவ்வைரஸ்கள் நெடுநேரம் உயிர்த்திருப்பதில்லை. சாதாரணச் சோப்பும் கிருமிநாசினியும் இவற்றை அழிக்கப் போதுமானவை.

இப்போது நம் சென்னையைப் பாருங்கள். தியாகராய நகரின் அடுக்குமாடி வீடொன்றில் குட்டியாக வந்து, வாசற்படி தாண்டாமல் ஜன்னலோரத்தில் வளரும் ஒற்றைப் பூனைக்கு இந்நோய் வர வழியே அரிது. தாயிடமிருந்து கொண்டுவந்தால்தான் உண்டு. நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் மீன் கழிவை நம்பி வாழும் பூனைக் கூட்டத்தின் நிலை அதுவன்று. உணவு ஓரிடத்தில் குவிந்தால் பூனைகளும் அங்கே குவியும், குவிந்தால் குட்டிகளும் பெருகும், சண்டையும் பெருகும். நம் வீடுகளிலோ பெரும்பாலும் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. பகலில் வீட்டுப் பிள்ளையாய் மடியில் கிடந்து, இரவில் மதில் தாண்டி அடுத்த தெரு வரை அரசாட்சி செய்துவிட்டு, ஸுப்ஹு பாங்கு சொல்லும் வேளையில் கிழிந்த காதுடன் திரும்பிவரும் பூனை! இத்தகைய பூனையை 'வீட்டுப் பூனை' என்று நாம் அழைத்தாலும், நோயின் கணக்கேட்டில் அது தெருப்பூனையின் பக்கத்தில்தான் எழுதப்படும்.

அடுத்து, சோதனை பற்றி ஒரு கணக்கு. இதனை அந்த மருத்துவர் ஒரு தாளில் எழுதியே காட்டினார். ஒரு சோதனை, நோயற்ற நூறு பூனைகளில் இரண்டைத் தவறாக நோயுள்ளவை என்று காட்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள்ளேயே வாழும் ஆரோக்கியமான 1,000 பூனைகளில் உண்மையில் நோயுள்ளவை 10 என்க. சோதனை அந்தப் பத்தையும் சரியாகப் பிடித்துவிடும். மீதியுள்ள 990இல் ஏறத்தாழ 20ஐத் தவறாகக் குற்றம் சாட்டும். ஆக, நோயுள்ளவை என்று பெயர் பெற்ற 30இல் 20 குற்றமற்றவை! அதே சோதனையைக் கடிபட்டுத் திரியும் 1,000 ஆண் பூனைகளிடம் செய்வோம். அவற்றில் உண்மையில் நோயுள்ளவை 200 என்க. மீதி 800இல் 16 மட்டுமே தவறாகச் சுட்டப்படும். அங்கே சோதனையின் சொல்லைப் பெரும்பாலும் நம்பலாம்.

சோதனை ஒன்றே, சாட்சியின் மதிப்போ இடத்துக்கு இடம் மாறுகிறது. எனவேதான், ஆரோக்கியமான பூனைக்கு நோய் என்று முடிவு வந்தால், மறுசோதனை இன்றித் தீர்ப்புக் கூறலாகாது என்கின்றனர் அறிந்தோர். குட்டிகளின் செய்தி இன்னும் நுட்பமானது. எஃப்.ஐ.வி. சோதனை வைரஸைத் தேடுவதில்லை; அதனை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே தேடுகிறது. நோயுற்ற தாயின் எதிர்ப்பொருள் பாலின் வழியே குட்டிக்கும் வந்திருக்கும். குட்டிக்கு நோயே இல்லாதபோதும் சோதனை 'உண்டு' என்று சொல்லக்கூடும். ஆறு மாதம் கடந்தபின் மீண்டும் சோதித்தால்தான் உண்மை தெரியும். இதனை அறியாமல் எத்தனை குட்டிகள் எங்கெங்கே கைவிடப்படுகின்றனவோ!

சரி, நோய் உண்மையிலேயே இருக்கிறது என்றே உறுதியாகட்டும். அப்போது என்ன? லுக்கேமியா வைரஸ் கடுமையானது. சில பூனைகள் அதனை எதிர்த்து அடக்கிவிடுகின்றன; அடக்க இயலாமல் நோய் முற்றியவற்றில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றன. எஃப்.ஐ.வி. அவ்வாறன்று. நல்ல உணவும் கவனிப்பும் பெற்றால் பல பூனைகள் ஏனைய பூனைகளைப் போலவே நெடுங்காலம் வாழ்கின்றன. நோய் என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் ஒன்றல்ல.

அன்பானவர்களே! இந்த உண்மையை நம் நகரம் முன்பே ஒருமுறை படித்திருக்கிறது. பெட்டலுமாவில் பூனையின் வைரஸ் வெளிப்பட்ட அதே 1986ஆம் ஆண்டில்தான், இந்தியாவில் முதன்முதலாக மனிதரிடம் எச்.ஐ.வி. தொற்று இருப்பது நம் சென்னையில் கண்டறியப்பட்டது. மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது அவ்வுண்மை வெளிப்பட்டது. அதன்பின் நடந்ததை நம்மில் நடுவயதினர் மறந்திருக்க மாட்டோம். தொட்டால் ஒட்டும், தட்டில் ஒட்டும், காற்றில் ஒட்டும் என்றெல்லாம் அஞ்சி, நோயாளிகளைக் குடும்பங்களே வெளியேற்றின. கிருமி கொன்றவர்கள் உண்டு. அச்சம் கொன்றவர்களும் உண்டு. டாக்டர் சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, அப்படித் தள்ளப்பட்டவர்களுக்கு மருத்துவமும் மதிப்பும் கிடைக்க 2015இல் மறையும் வரை உழைத்தார். மனிதரையும் பூனையையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. 'எய்ட்ஸ்' என்ற ஒரு சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், விசாரிக்காமலே கதவைத் திறந்து வெளியே தள்ளும் அந்தப் பழைய கை நம்மிடம் இன்னும் இருக்கிறது என்பதையே சொல்கிறேன்.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. அடையாற்றில் வாழ்ந்து கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராயிருந்தபோது விலங்குகளுக்காகக் குரல் கொடுத்தார். அம்முயற்சியின் பயனாக 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடும் என்ற நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம்.

மார்க்கம் அறிந்த நமக்கோ சட்டத்துக்கும் முன்பே சொல்லப்பட்டுவிட்டது. பூனையை அடைத்து வைத்து, தானும் உணவிடாமல், அது தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை நம் பிள்ளைகளும் அறிவார்கள். "நான் அடைத்து வைக்கவில்லையே, இரை தேடத்தானே விட்டேன்" என்று சிலர் அமைதி கொள்ளலாம். வீட்டுச் சோறுண்டு வளர்ந்த பிராணியை, அதுவும் புண்ணும் நோயுமாக இருக்கையில், அதற்குப் பழக்கமில்லாத கடற்கரையில், எல்லை காக்கும் முரட்டுப் பூனைகளின் நடுவே விடுவது இரை தேட விடுவதாகுமா? அன்றியும், அங்கே அது கடிக்கும், கடிபடும். நம் வீட்டில் ஒன்றிடம் இருந்த நோயைப் பத்துப் பூனைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தவர்கள் ஆவோம். ஒளூச் செய்யும் தண்ணீரைப் பூனை பருகுவதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த அபூ கதாதா (ரலி) அவர்கள், பூனை அசுத்தமன்று என்றும், நம்மைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். சுற்றி வருவது நோயுறும் நாளும் வரும் என்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

பூனை வளர்க்கும் தாய்மார்கள் கவனத்தில் கொள்ளத்தக்கவை சில.

ஆணாயினும் பெண்ணாயினும் உரிய பருவத்தில் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். சண்டையும் அலைச்சலும் பெருமளவு குறையும். இரவில் பூனையை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். புதிதாக ஒரு பூனையைக் கொண்டுவந்தால், சோதிக்கும் வரை ஏற்கெனவே உள்ளவற்றுடன் சேர்க்காமல் தனியறையில், தனிக் கிண்ணத்தில் வையுங்கள். லுக்கேமியா வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு. உங்கள் பூனைக்கு அது தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. 1959இல் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு, அடையாற்றுக்கு அருகே கிண்டியில் வேளச்சேரி சாலையில் இயங்குகிறது.

நோயுற்ற பூனை வீட்டிலிருந்தால், பச்சை இறைச்சியும் பச்சை மீனும் கொடாமல் வேகவைத்தே கொடுங்கள். அதன் எதிர்ப்பாற்றல் குன்றியிருப்பதால் வேறு கிருமிகள் அதனிடம் எளிதில் குடியேறும். ஆகவே தொட்டபின் கை கழுவுங்கள். கர்ப்பிணிகள், எந்தப் பூனையாயினும், அதன் மலத்தைக் கையாளாமல் வேறொருவரிடம் விடுவதே நலம். அதில் பரவக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி கருவைப் பாதிக்க வல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ நாம் அஞ்ச வேண்டியது எஃப்.ஐ.வி.யை அன்று, வெறிநோயை. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுவதே நம் வழக்கமாகிவிட்டது.

அச்சிறுமியின் பூனை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கணக்கெழுதுபவராகையால், மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை அவள் தந்தை ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். "எங்க பூனை இரண்டாவது கணக்கில்தான் வரும் போலிருக்கிறது ஹஜ்ரத்" என்றார். அவர் சொன்னதே சரியாயிற்று. மறுசோதனையிலும் எஃப்.ஐ.வி. உறுதியானது. இந்த முறை அவர் கோணிப்பையைத் தேடவில்லை. புண் ஆறியதும் அறுவை செய்வித்தார். பால்கனிக்குக் கம்பி வலை அடித்தார். அவ்வீட்டில் வேறு பூனை இல்லாததால் எவருக்கும் தீங்கில்லை. தாயும் பிறந்த குழந்தையும் நலம்.

சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பூனை சற்றுப் பருத்து, ஜன்னல் திண்டில் படுத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அமர்ந்து, அன்று ஓதாமல் விட்ட பாடத்துக்கு எவ்வளவோ அப்பாலுள்ள ஒரு பாடத்தை அச்சிறுமி சத்தமாக ஓதிக்கொண்டிருந்தாள்.

வஸ்ஸலாம்.